குதிரை லாயமும் மேய்ச்சல் வேலியும்: கொழும்புப் புறநகரில் கட்டுவோருக்கான செலவுத் திட்ட வழிகாட்டி

கறுவாத்தோட்டத்தில் 1893ஆம் ஆண்டு திறக்கப்பட்ட குதிரைப் பந்தயத் திடலில் இன்று றக்பி ஆடுகிறார்கள். அதன் பார்வையாளர் மண்டபத்தில் கடைகள் இருக்கின்றன. ஆகவே இன்று சொந்தக் குதிரைக்கு லாயம் கட்ட விரும்பும் கொழும்பு வாசி பாதுக்கை, ஹோமாகமை, ஹங்வெல்லை, ஹொரணை என்று வெளியே போய்த்தான் காணி தேடுகிறார். காணி கிடைத்ததும் அநேகமாக எல்லோரும் செய்யும் முதல் வேலை, ஒரு மேசன் பாஸை அழைத்து "சதுர அடி என்ன விலை?" என்று கேட்பதாகும். வீட்டுக்கு ஓரளவு பொருந்தும் இந்தக் கேள்வி லாயத்துக்குப் பொருந்துவதில்லை. லாயத்தில் சுவர் குறைவு, நிலவேலை அதிகம். கட்டடத்துக்கு வெளியே நூற்றுக்கணக்கான அடி வேலி ஓடுகிறது. அந்த வேலி எந்தச் சதுர அடிக் கணக்கிலும் அடங்காது.

இந்த வழிகாட்டியில் ரூபாய்த் தொகை எதையும் நான் தரவில்லை. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டொலர் ஒன்று ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்து, மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்குப் போனதையும், அதோடு சீமெந்து, கம்பி, தகரம் ஆகியவற்றின் விலைகள் ஏறியதையும் பார்த்தவர்களுக்கு, விலைப்பட்டியல் எவ்வளவு வேகமாகப் பழையதாகும் என்று விளக்க வேண்டியதில்லை. அளவுகள் அப்படி மாறுவதில்லை. அளவுகளைச் சரியாக எடுத்து வைத்திருப்பவர், எந்த மாதத்திலும் அரை நாளில் அன்றைய விலையைப் போட்டுத் தம் செலவைக் கண்டுகொள்ளலாம். உதாரணமாக, மூன்று குதிரைகளுக்கான மூன்று அறைகள், தீவனமும் சேணமும் வைக்க ஓர் அறை, அரை ஏக்கர் மேய்ச்சல் அடைப்பு என்ற ஒரே திட்டத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: காணியையும் அனுமதியையும் முதலில் விலையிடுதல்

உறுதி, நில அளவைப் படம், வீதிக்கோட்டுச் சான்றிதழ் ஆகியவற்றோடு உங்கள் பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ சென்று, விலங்குகளுக்கான கட்டடம் அந்த இடத்தில் அனுமதிக்கப்படுமா என்பதைக் காணிக்கு முற்பணம் கொடுக்கும் முன்பே கேட்டறிய வேண்டும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரகடனத்துக்குள் வரும் பகுதியானால் அதன் விதிகளும் சேர்ந்துகொள்ளும். வரைபடம் தயாரிக்கும் கட்டணம், அனுமதிக் கட்டணம், கட்டி முடித்தபின் பெறும் இணக்கச் சான்றிதழுக்கான கட்டணம் ஆகிய மூன்றும் செலவுப் பட்டியலின் முதல் வரிகளாக இருக்கட்டும்.

மலிவாக வரும் தாழ்ந்த காணியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது வயற்காணியாக இருந்தால், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதியின்றி அதை நிரப்ப முடியாது. அனுமதி கிடைத்தாலும் நிரப்பும் கிரவலின் விலை, பேர்ச் ஒன்றுக்கு நீங்கள் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடக்கூடும். மேட்டுக் காணியில் அந்தப் பணத்தை முதலிலேயே போடுவது நல்லது என்பது என் எண்ணம்.

படி 2: மழைநீர் போகும் வழி

பெரும்பாலான மதிப்பீடுகள் தவறிப்போகும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கொழும்பில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. நமது நான்கு அறைகளும் வரிசையாக 48 அடி நீளம், அறையின் ஆழம் 12 அடி, முன்னால் 10 அடி விறாந்தை, சுற்றிலும் நான்கு அடி தாழ்வாரம் என்று வைத்துக்கொண்டால் கூரை மூடும் நிலம் 56 அடிக்கு 30 அடி, அதாவது 1,680 சதுர அடியாகும். அதன்மேல் ஓர் அங்குல மழை பெய்தாலே ஏறக்குறைய 4,000 லீற்றர் நீர் இறங்கும். ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டால் மூன்றே முக்கால் இலட்சம் லீற்றர் ஆகும். பீலியும் இறங்குகுழாயும் வாய்க்காலும் இல்லாவிட்டால் இந்த நீரெல்லாம் குதிரைகள் நின்று புரளும் வாசலிலேயே விழும்.

எங்கள் லாயத்தைக் கட்டியபோது ஒப்பந்தக்காரர் தந்த பட்டியலில் "நிலம் சமப்படுத்தல்" என்று ஒரே வரி இருந்தது. நாங்களும் அதைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டோம். அவர் நிலத்தைச் சமப்படுத்தினார், சரிவு கொடுக்கவில்லை. ஐப்பசி மழையில் விறாந்தையின் முன் கணுக்கால் அளவு சேறு நின்றது. ஓயாத ஈரத்தில் குளம்பின் அடிப்பகுதி அழுகத் தொடங்கும் என்பதால், முடித்த வேலையை உடைத்து மறுபடியும் கிரவல் இட்டு உயர்த்த வேண்டியதாயிற்று. அந்த இரண்டாவது கிரவல் செலவு எந்தப் பட்டியலிலும் இருக்கவில்லை.

ஆகவே அந்த ஒரு வரியைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: மேல்மண்ணை எடுத்து அகற்றுதல், கிரவல் எத்தனை கியூப், உருளை கொண்டு இறுக்குதல், லாயத்தின் தரை சுற்றியுள்ள நிலத்தைவிடக் குறைந்தது ஓரடி உயர்ந்திருத்தல், மேட்டுப் பக்கத்திலிருந்து வரும் நீரைத் தடுத்துத் திருப்பும் வாய்க்கால், பீலி நீருக்கான ஊறு குழி அல்லது தொட்டி. கிரவலின் கனவளவைக் கணக்கிடுகையில், இறுக்கும்போது அது அமிழும் என்பதற்காக ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். 100 கன அடி ஒரு கியூப் என்பதால், கூரை மூடும் நிலத்தோடு சுற்றிலும் இரண்டடி கூட்டி, 60 அடிக்கு 34 அடி நிலத்தை ஓரடி உயர்த்த 20.4 கியூப் தேவை. அமிழ்வையும் சேர்த்தால் ஏறக்குறைய 25 கியூப் ஆகிறது.

படி 3: அறையின் அளவும் தரையும்

நடுத்தர உயரமுள்ள குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி அறை வேண்டும். மட்டக் குதிரைக்கு 10 அடிக்கு 10 அடி போதும். குட்டி ஈனும் உத்தேசம் இருந்தால் ஓர் அறையையாவது 14 அடியாக்குங்கள். அறையைச் சுருக்கி மிச்சம் பிடிப்பது வீண் வேலை, ஏனெனில் இரண்டடி குறைப்பதால் சுவர்ச் செலவு சிறிதளவே குறைகிறது. இடம் போதாத குதிரையோ படுத்தபின் எழ முடியாமல் சுவரோடு சிக்கிக்கொள்கிறது.

தரைக்கு நான்கு அங்குலக் கொங்கிறீற்று. அறைகளும் விறாந்தையும் சேர்ந்த 48 அடிக்கு 22 அடி என்பது 1,056 சதுர அடி; நான்கு அங்குலத் தடிப்பில் 352 கன அடி, அதாவது மூன்றரை கியூப். சீமெந்து, மணல், கல் 1:2:4 என்ற கலவையில் கியூப் ஒன்றுக்குச் சுமார் 18 மூடை சீமெந்து, அரை கியூப்புக்குச் சற்றுக் குறைவான மணல், ஒரு கியூப்புக்குச் சற்றுக் குறைவான முக்கால் அங்குலக் கல் என்று வைத்தால், 50 கிலோ மூடைகள் 63, சேதத்தோடு 66 தேவைப்படும். மேற்பரப்பை மினுக்கக் கூடாது. தும்புத் தடி கொண்டு கோடிழுத்துச் சொரசொரப்பாக விட வேண்டும். அறைக்குள் 60 அடிக்கு ஓரடி என்ற சரிவு போதும், 12 அடியில் அது ஏறக்குறைய இரண்டரை அங்குலம். இதை வரைபடத்தில் எழுத வைக்காவிட்டால் மேசன்மார் வீட்டுத்தரைபோல மட்டமாகவே இழுத்துவிடுவார்கள்.

வெறும் கொங்கிறீற்று மூட்டுகளுக்கு ஆகாது. 6 அடிக்கு 4 அடி இறப்பர் விரிப்பு அறைக்கு ஆறு வீதம் மொத்தம் 18 வேண்டும். விலை கண்ணைக் குத்தும். ஆனால் விரிப்பு இருந்தால் படுக்கைப் பொருள் பாதியளவு போதும் என்பதால் அந்தப் பணம் மெல்லத் திரும்பி வரும். படுக்கைக்கு மொறட்டுவைத் தச்சுப் பட்டறைகளின் மரத்தூளும் சீவலும், உமியும், தும்புத்தூளும் நம்மவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. இரசாயனம் பூசிய மரத்தின் தூள் கலந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.

படி 4: சுவர், கூரை, கதவு

நம் காலநிலையில் குதிரைக்கு எதிரி வெக்கையே, குளிரல்ல. அதனால் சுவரை ஐந்தடிக்குக் கட்டி, அதற்கு மேல் கூரைவரை தூண்களுக்கு இடையே குழாய்க் கிராதி போட்டுத் திறந்துவிடலாம். காற்றும் வரும், பணமும் மிஞ்சும். பின்சுவர் 48 அடி, கதவுகள் போக முன்சுவர் 32 அடி, குறுக்குச் சுவர்கள் ஐந்து சேர்ந்து 60 அடி, ஆக 140 அடி நீளமும் ஐந்தடி உயரமும் 700 சதுர அடிச் சுவராகும். 16 அங்குலத்துக்கு 8 அங்குல முகமுள்ள சீமெந்துக் கல் 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 112 வேண்டும் என்பதால், உடைவோடு 830 கற்கள் போதும். கல்லின் தடிப்பு ஆறு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. உள்ளே பொள்ளலான கல்லானால், நான்கடி உயரம்வரை அந்தப் பொள்ளலைக் கொங்கிறீற்றால் நிரப்பச் சொல்லுங்கள். பின்னங்கால் உதை ஒன்று போதும், வெறும் கல் உடைந்து குதிரையின் கால் உள்ளே போய்விடும். தீவன அறைக்கு மட்டும் எலி புகாதபடி கூரைவரை சுவரும் இறுக்கமான கதவும் தனியே கணக்கிடப்பட வேண்டும்.

நெடுந்தீவில் ஒல்லாந்தர் காலக் குதிரை லாயத்தின் எச்சங்களைப் பார்த்தவர்கள், பவளக்கல்லால் எழுப்பிய அந்தக் கட்டுமானத்தின் அழகில் மயங்கி அதுபோலக் கட்ட ஆசைப்படுவதுண்டு. அது மழை குறைந்த தீவு. நமது பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை சாய்ந்து அடிக்கும். ஆகவே திறந்த முகப்பு கிழக்கையோ வடகிழக்கையோ பார்க்க வேண்டும், தாழ்வாரம் நான்கடி நீள வேண்டும்.

கூரையின் தாழ்ந்த விளிம்பு பத்தடிக்குக் குறையாமல், முகடு திறந்து வெக்கை வெளியேறும்படி அமையட்டும். சரிவோடு சேர்த்து 1,850 சதுர அடித் தகடு தேவைப்படும். தகரம் மலிவு என்றாலும் வெயிலில் கொதிக்கும், மழையில் இரையும். அதன் அடியில் வெக்கை தடுக்கும் விரிப்பையும் சேர்த்தே அதன் விலையைப் பாருங்கள். ஓடு குளிர்ச்சியானது, அதன் பாரத்துக்கு மரச்சட்டம் கூடுதலாக வேண்டும். அஸ்பெஸ்டஸை நான் தவிர்க்கச் சொல்வேன்: அதை வெட்டும்போதும் உடையும்போதும் கிளம்பும் தூசி மனிதருக்கும் கேடு.

கதவு நான்கடி அகலம், எட்டடி உயரம், மேலும் கீழுமாக இரு பாதி. கீழ்ப்பாதிக்கு மேலே ஒரு தாழ்ப்பாளும், குதிரையின் வாய்க்கு எட்டாதபடி அடியில் இன்னொன்றும் வேண்டும், ஏனெனில் ஒற்றைத் தாழ்ப்பாளைத் திறக்கக் குதிரை விரைவில் பழகிக்கொள்ளும். பிணைச்சல், தாழ்ப்பாள், ஆணி வகைகளைப் பழைய சோனகத் தெருவில் ஒரே காலைப் பொழுதில் நான்கைந்து கடைகளில் விசாரிக்கலாம். கடற்கரைக்கு அண்மையான காணியானால் வெறும் வர்ணம் பூசிய இரும்பை வாங்க வேண்டாம். துருப்பிடிக்காதபடி உருகிய நாகத்தில் (zinc) தோய்த்ததையே கேளுங்கள்.

படி 5: தண்ணீரும் மின்சாரமும்

ஒரு குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 55 லீற்றர்வரை குடிக்கும், வெக்கையில் வேலை செய்தால் அதற்கும் மேல். குளிப்பாட்டுதலையும் கழுவுதலையும் சேர்த்தால் 2,000 லீற்றர்த் தாங்கி மூன்று குதிரைகளுக்கு அளவானது. தேங்கிய நீரில் நுளம்பு பெருகினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார் என்பதால், தினமும் கவிழ்த்துக் கழுவக்கூடிய தொட்டியே சிறந்தது. பீலியும் இலை தேங்காதபடி எட்டித் துப்புரவு செய்யக்கூடியதாக இருக்கட்டும். மின்கம்பி முழுவதும் குழாய்க்குள், குதிரையின் வாய்க்கு எட்டாத உயரத்தில் ஓட வேண்டும்; ட்ரிப் சுவிச்சு கட்டாயம்.

படி 6: வேலி

வேலியின் செலவைக் காணியின் பரப்பு தீர்மானிப்பதில்லை, சுற்றளவே தீர்மானிக்கிறது. அரை ஏக்கர், அதாவது 80 பேர்ச், 21,780 சதுர அடி. அது சதுரமாக இருந்தால் சுற்றளவு ஏறக்குறைய 590 அடி. 110 அடிக்கு 198 அடியாக இருந்தால் 616 அடி. 66 அடிக்கு 330 அடி என்று ஒடுங்கி நீண்டிருந்தால் 792 அடி. முழு ஏக்கர் சதுரக் காணி ஒன்றின் சுற்றளவே 835 அடிதான் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: ஒடுங்கிய அரை ஏக்கருக்கு வேலி போடும் பணத்தோடு இன்னும் சிறிது சேர்த்தால் ஓர் ஏக்கரை அடைத்துவிடலாம். காணி நீளமானதாக இருந்தால் அதன் எல்லை முழுவதும் வேலி போட்டே ஆக வேண்டும் என்றில்லை. உள்ளே சதுரத்துக்கு அண்மையான ஒரு பகுதியை மட்டும் அடைக்கலாம்.

நமது உதாரணத்துக்கு 110 அடிக்கு 198 அடியை எடுப்போம். 12 அடி வாயிலைக் கழித்தால் 604 அடி வேலி. எட்டடிக்கு ஒரு தூண் என்றால் 77 தூண்கள். வேலியின் உயரம் நாலரை முதல் ஐந்தடி. இரண்டரை முதல் மூன்றடி நிலத்துக்குள் போகும். ஆகவே எட்டடித் தூண் வாங்க வேண்டும். மூன்று குறுக்குச் சட்டங்கள் என்றால் 1,812 அடி, நான்கு என்றால் 2,416 அடி. வெட்டில் கழிவதற்கு இரண்டிலும் பத்து வீதம் கூட்டுங்கள். குழிகளுக்கான கொங்கிறீற்று, பத்து அங்குல அகலக் குழியானால், எல்லாமாக ஏறக்குறைய ஒரு கியூப் வேண்டும். மூலைத் தூண்களுக்கும் வாயில் தூண்களுக்கும் தடித்த மரமும் முட்டுக்கால்களும் தனிக் கணக்கு.

இனி எதனால் வேலி போடுவது என்ற கேள்வி. ஊரில் காணி அடைக்கும் வழக்கம் கொங்கிறீற்றுத் தூணும் முட்கம்பியும். மாட்டுக்கு அது போதும். குதிரை வெருண்டால் முன்னே இருப்பதைப் பார்க்காமல் பாயும். முட்கம்பி அதன் தோலையும் தசைநாரையும் கிழித்துவிடும். எல்லையில் ஏற்கெனவே முட்கம்பி இருந்தால், அதிலிருந்து பத்தடியாவது உள்ளே தள்ளிக் குதிரை வேலியைப் போடுங்கள். அந்த இடைவெளியில் போகும் பரப்பும் உங்கள் கணக்கில் வர வேண்டும்.

இரண்டாவது வழக்கம் கதியால் வேலி. செலவே இல்லை என்று சீமைக்கிளுவைக் கதியாலை வரிசையாக நட்டுவிடுவார்கள். ஆடு மாடு விரும்பித் தின்னும் அந்தக் குழை குதிரைக்கு நஞ்சு. வேலியோரத்தில் அழகுக்கு வைக்கும் அலரி அதைவிடக் கொடியது, சில இலைகளே ஒரு குதிரையைக் கொல்லப் போதும். இப்பில் இப்பில் குழையைத் தொடர்ந்து தின்றால் பிடரிமயிரும் வால்மயிரும் உதிரும். வாங்கும் காணியில் இவை இருந்தால், வேரோடு அகற்றும் கூலியைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

மிஞ்சுவது மரமும் இரும்புக் குழாயும். பதப்படுத்தாத மரத்தூணை நிலத்தில் நட்டால் கறையான் சில பருவங்களில் தின்றுவிடும். அமுக்க முறையில் பதப்படுத்திய மரத்தூணோ, நாகம் பூசிய இரண்டு அங்குலக் குழாயோ வாங்குவது முதலில் கசந்தாலும் பின்னர் தூக்கம் தரும். குழாயின் வாயை மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் மழைநீர் உள்ளே நின்று உள்ளிருந்தே துருப்பிடிக்கும். குறுக்குச் சட்டத்துக்குத் தென்னஞ் சட்டம் ஏனைய மரங்களைவிட மலிவாகக் கிடைக்கும். வைரம் பாய்ந்த அடிமரத்தில் அறுத்ததையே கேட்டு வாங்கி, சிம்பு இல்லாமல் சீவிப் பூச வேண்டும். சட்டங்களைத் தூணின் உட்பக்கத்தில், குதிரை நிற்கும் பக்கத்தில் பொருத்த வேண்டும்: அப்போதுதான் குதிரை சாயும்போது ஆணி கழராது, தோளும் தூணில் மோதாது.

பணம் போதாவிட்டால் சட்டங்களை இரண்டாகக் குறைத்து, நடுவில் மின்வேலி நாடா ஒன்றை ஓட்டலாம். விலங்குகளுக்கென்றே செய்யப்பட்ட துடிப்பு மின்கருவியும் சரியான நில இணைப்பும் கட்டாயம். வீட்டு மின்சாரத்தை நேரே வேலியில் கொடுப்பது கொலைக்குச் சமம், சட்டப்படி குற்றமும்கூட.

அடைப்பை நடுவில் 110 அடி வேலியால் இரண்டாகப் பிரித்தால், ஒரு பக்கம் மேய மறுபக்கம் புல் தழைக்கும். மூன்று குதிரைகளுக்கு அரை ஏக்கர்ப் புல் உணவாகாது என்பதை ஒப்புக்கொண்டு, வாயிலருகே ஒரு பகுதியைக் கிரவலும் மணலும் இட்ட வெறும் முற்றமாக ஒதுக்கி, மழைக்காலத்தில் அங்கே மட்டும் குதிரைகளை விடுவது புல்லையும் குளம்பையும் காக்கும்.

படி 7: சாணம்

500 கிலோ எடையுள்ள குதிரை நாளுக்கு ஏறக்குறைய 23 கிலோ கழிவு தரும். மூன்று குதிரைகளின் மாதக் கழிவு படுக்கைப் பொருள் சேராமலே இரண்டு தொன். கூரையும் கொங்கிறீற்றுத் தரையும் கொண்ட இரு குழிகளை, கிணற்றிலிருந்து எட்டத்தில், நிலச்சரிவின் கீழ்ப்பக்கத்தில் அமையுங்கள். ஒன்று நிறையும்போது மற்றது மக்கி உரமாகும். மரக்கறித் தோட்டக்காரர்கள் தாமே வந்து ஏற்றிப் போவார்கள்.

படி 8: விலை கேட்பதும் பணம் கொடுப்பதும்

மேலே எடுத்த அளவுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, பொருள், கூலி, ஏற்றுக்கூலி என மூன்று நிரல் பிரித்து, அந்த ஒரே தாளின் பிரதியை மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் கொடுங்கள். ஒவ்வொருவரும் தம் பாட்டுக்கு எழுதித் தரும் பட்டியல்களை ஒப்பிடவே முடியாது; எல்லோரும் ஒரே அளவுக்கு விலை போட்டால், யார் எதில் குறைத்திருக்கிறார் என்பது உடனே தெரியும். விலை எத்தனை நாள் செல்லுபடியாகும் என்பதையும், 18 வீதப் பெறுமதி சேர் வரி அதில் உள்ளடங்குகிறதா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். வரியைச் சேர்த்தவரும் சேர்க்காதவரும் ஒரே மேசையில் இருந்தால், மலிவானவர்போலத் தெரிபவர் உண்மையில் மலிவானவராக இல்லாமற் போகலாம்.

பணத்தை வேலையின் படிக்கேற்பக் கொடுங்கள்: நிலவேலை முடிந்து ஒரு நல்ல மழையில் நீர் வடிவதைக் கண்ணால் பார்த்தபின் ஒரு பகுதி, தரையும் சுவரும் முடிந்தபின் ஒரு பகுதி, கூரைக்கு ஒரு பகுதி, வேலிக்குத் தனி ஒப்பந்தம். வேலியைக் கட்டட ஒப்பந்தக்காரரிடமே விட்டால் அவர் அதை இன்னொருவருக்குக் கைமாற்றி நடுவில் இலாபம் வைப்பது வழக்கம். மொத்தத்தில் 15 வீதத்தை எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கி, அந்தத் தொகையை ஒப்பந்தக்காரருக்குச் சொல்லாமல் இருப்பது புத்தி.

காலக்கணக்கும் பணக்கணக்குத்தான். மழை குறைந்த தை, மாசி மாதங்களில் நிலவேலையைத் தொடங்கினால் சித்திரைப் புத்தாண்டுக்கு முன் கூரை ஏறிவிடும். புத்தாண்டுக்கு ஊர் போகும் வேலையாட்கள் திரும்ப இரண்டு வாரமாகலாம். அதற்குள் இடைப்பருவ மழை தொடங்கிவிட்டால், கூரையற்ற சுவரும் நனைந்த சீமெந்து மூடையும் உங்கள் பொறுப்பு. குதிரைகளைக் கொண்டுவருமுன் வேலி முடிந்திருக்க வேண்டும் என்பதால், கூரை வேலை நடக்கும்போதே தூண் குழிகளை வெட்டத் தொடங்குங்கள்.

கடைசி வரியாக ஆண்டுச் செலவையும் அதே தாளில் எழுதுங்கள்: முற்றத்துக்கு இரண்டு மூன்று கியூப் கிரவல், மாற்ற வேண்டிய சில சட்டங்கள், வேலிக்கும் கதவுக்கும் பூச்சு, பீலி துப்புரவு, படுக்கைப் பொருள். முதல் ஆண்டுக்கான தொகையைக் கட்டட நிதியிலிருந்தே பிரித்து வேறு கணக்கில் வைத்துவிட்டால், அடுத்த ஐப்பசியில் கிரவல் லொறிக்காரருக்குக் கடன் சொல்ல வேண்டியிராது.